விட்ட இடத்திலிருந்து

"அவனுங்கள்லாம் மனுஷங்களா?"

கணவன் கத்திய கத்தலில், உள்ளறையில் படுத்திருந்த மாமனார் ஒரு முறை இருமினார்.

"மெதுவாப் பேசுங்க. மாமா இப்பதான் கண் அசந்தார்," என்றாள் அவள். இன்டர்வியூ முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவள், தோளில் தொங்கிய கைப்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"வேலை இல்லைன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்களா?"

"சொல்லாமச் சொல்லிட்டாங்க. 'அஞ்சு வருஷம் இடைவெளி இருக்கே'ன்னு இழுத்தாங்க. எனக்குப் புரியாதா?"

அதற்கு முன் அவள் வாஷிங் மெஷினுக்குள் இருக்கிற சிப்புக்கு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தவள். அதில் புலி. மகள் பிறந்தாள், வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நேரம், மாமனார் படுக்கையில் விழுந்தார். "வெளியாள் வந்து பார்த்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று அன்றைக்குச் சொன்னது யார் என்பதை இப்போது கிளறுவானேன்! எப்படியோ, பகலில் வந்து பார்த்துக்கொள்ள இரண்டு மாதம் முன்புதான் ஒரு நர்ஸ் கிடைத்தாள். அன்றிலிருந்து இவள் ஏறாத கம்பெனிப் படி இல்லை. இதுவும் இல்லையென்றால் இனி எங்கும் போய் நிற்பதில்லை என்று, காலையில் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள்.

"கேள்விக்குப் பதில் சொன்னியா இல்லையா?"

"சொன்னேனே! ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராமுக்கு நடுவுல அவசர வேலை வந்தா ப்ராசஸர் என்ன பண்ணும்னு கேட்டாங்க. 'ப்ராசஸருக்குக் கை சின்னது சார். அந்தக் கைதான் ரெஜிஸ்டர். அந்த நேரத்துக்கு வேண்டிய நாலஞ்சு நம்பரைத்தான் அதுல பிடிச்சுக்க முடியும். மத்ததெல்லாம் மெமரியில கிடக்கும். அவசரம்னு கூப்பிட்டா, கையில இருக்கிறதை, எந்த வரியில நிறுத்தினோம்கிறதையும் சேர்த்து, மெமரியில பத்திரமா வெச்சுட்டு ஓடும். அது முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி மேல போகும்'னு சொன்னேன்."

"அடி சக்கை! இதைவிட எவன் சொல்லுவான்?"

"அதோட விட்டாங்களா? போர்டுல பத்து வரி எழுதி, இதுல என்ன தப்புன்னாங்க. கையில இருந்த நம்பரையெல்லாம் தட்டு அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுட்டு, எடுக்கிறப்போ வெச்ச வரிசையிலேயே எடுக்கப் பார்த்திருக்காங்க. கடைசியா வெச்சதுதானே முதல்ல கைக்கு வரும்? இவன் நம்பர் அவன் வீட்ல போய் உட்கார்ந்துக்கும். பார்த்ததும் பட்டுனு சொல்லிட்டேன். அங்க இருந்த ஒரு பொண்ணு கை தட்டாத குறைதான்."

"அப்புறம் என்ன கேடு அவனுங்களுக்கு?"

"அஞ்சு வருஷமா என்ன பண்ணீங்கன்னாங்க. வீட்டைப் பார்த்துக்கிட்டேன்னேன். அவ்வளவுதான், பேனாவை மூடி வெச்சுட்டாங்க."

கணவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனும் இதே தொழில்தான். வேறொரு கம்பெனியில் இருபது பேரைக் கட்டி மேய்க்கிறவன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என்ன தோன்றியதோ, அடுப்பைப் பற்ற வைத்துத் தானே தேநீர் போட ஆரம்பித்தான்.

"ஒரு சிப்பு ஒரு நாளைக்கு லட்சம் தடவை பாதியில விட்டுட்டுப் போயிட்டு வருது, அதை நம்பறான். ஒரு பொம்பளை ஒரே ஒரு தடவை போயிட்டு வந்தா நம்ப மாட்டான்! மூளை துருப்பிடிக்க அதென்ன ஆணியா? இவனுங்க வீட்டுப் பொம்பளைகிட்ட எவனாவது இப்படிச் சொன்னா சும்மா இருப்பானுங்களா?"

அவளுக்கு அங்கே வராத அழுகை இங்கே வந்தது. வயிறெரிந்து வந்தவளுக்கு, தனக்காக இப்படிக் கொதிக்க ஒருவன் இருக்கிறானே என்று மனசு குளிர்ந்தது. கைப்பையை இறக்கி வைத்தாள்.

"கிளம்பறப்போ, கேள்வி கேட்டவங்கள்ல கண்ணாடி போட்ட ஒருத்தர் ஒண்ணு சொன்னாருங்க. அதைத்தான் என்னால..."

கணவனின் போன் அடித்தது. ஆபீஸ். கையில் வடிகட்டி இருந்ததால் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"சார், காலையில நீங்க இன்டர்வியூ பண்ணீங்களே, அந்தம்மாவுக்கு என்ன சொல்லட்டும்? டெஸ்ட்ல அவங்கதான் முதல்."

"டெஸ்ட்டெல்லாம் சரிதான்ப்பா. என்கிட்டயும் நல்லாத்தான் பதில் சொன்னாங்க. ஆனா நாலு வருஷம் வீட்டோட இருந்திருக்காங்க. கேள்விக்குப் பதில் சொல்றது வேற, வேலை பார்க்கிறது வேற. நமக்கெதுக்கு வம்பு? வேற ஆளைப் பாரு. அவங்க மனசு நோகாம ஏதாவது சொல்லி அனுப்பிடு."

போனை அணைத்தான். தேநீரை வடிகட்டி அவள் கையில் கொடுத்தான்.

"நீ சொல்லும்மா. கிளம்பறப்போ என்ன சொன்னான் அந்தப் படுபாவி?"