ஏழாவது ரோஜா

எங்கள் தார்மோவின் பூங்கொத்திலிருந்து ஒரு ரோஜாவை உருவியவனே, நீ நல்லா இருப்பியா?

ஏழு பூ வைத்து என் கையால் கட்டினேன். இன்றைக்குப் பேப்பரில் வந்த படத்தில் ஆறுதான் இருக்கிறது!

எங்கள் எஸ்டோனியாவில் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை சவப்பெட்டிக்கு. முழங்கால் உடைந்து, இரண்டு வருஷம் கழித்துக் கால்பந்து மைதானத்துக்குத் திரும்பி, வந்த அன்றே கோல் போட்ட பிள்ளைக்குச் சாவுப்பூ கொடுத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

அவன் லேசுப்பட்ட ஆளா? எங்கள் பர்னு ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தார்மோ என்று பெயர் வைக்கிறார்கள்.

காலையிலிருந்து என் பூக்கடைப்பக்கம் ஓர் ஆள் வரவில்லை. கல்யாண ஆர்டர் ஒன்று போனிலேயே ரத்தாகிவிட்டது.

"என்ன மில்வி அக்கா, ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" பக்கத்து மீன்கடை மைரே சிரித்தாள்.

"வாயை மூடுடி. உன் எடைக்கல்லைப் பத்தி நான் வாயைத் திறக்கவா?"

மத்தியானம் தார்மோவே வந்து நின்றான். கையில் அந்த ஆறு பூ. சந்தையே திரும்பிப் பார்த்தது.

"அக்கா, ஒரு ரோஜா வேணும். ஏழாக்கி வேற படம் எடுக்கச் சொல்றேன். என்னால உங்க பேர் கெட்டுப்போச்சு."

"உன்னாலயா? உருவினவன் எவன்டா? பேரைச் சொல்லு, சட்டையைப் பிடிக்கிறேன்!"

"நான்தான்க்கா."

கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"ஆட்டம் முடிஞ்சதும் மைதானத்துக்கு எதிர்ல இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வெல்லோவுக்கு ஒண்ணு வச்சேன். திரும்பி வந்ததும் படம் புடிச்சுட்டாங்க. எண்ணிப் பார்க்கத் தோணல."

வெல்லோ! எங்கள் கோல்கீப்பர். பயிற்சியில் இவன் முழங்கால்மேல் விழுந்து, ஜெர்மனிக்கு ஆடப் போகவிருந்த பிள்ளையை முடக்கியவன். ஊரே அவனைக் கரித்துக்கொட்டியது. போன பனிக்காலத்தில் நெஞ்சுவலியில் செத்தான். அவனுக்கென்று ஒருவரும் என்னிடம் பூ வாங்கவில்லை.

"அவனுக்காடா வச்சே?"

"வேணும்னேவா விழுந்தான்? சாகுற வரைக்கும் தினம் காலைல கார்ல கூட்டிட்டுப் போய், கையைப் பிடிச்சு நடக்கவச்சதே அவன்தான்க்கா. 'வெளியில சொல்லாதேடா, உன்னையும் சேர்த்துத் திட்டுவாங்க'ன்னுட்டான்."

மைரேயின் மீன்கத்தி அப்படியே நின்றது.

அப்பாடா! நான் எண்ணியது தப்பில்லை. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

தார்மோ காசை நீட்டினான். தள்ளிவிட்டேன்.

"உனக்கு ஏழாக்கிட்டா ஆச்சா? அங்கே அவனுக்கு ஒத்தைப் பூ கிடக்கே, அது சாவுக்கு ஆகுமா?"

அவன் கையிலிருந்த பூவை எண்ணிப் பார்த்தான்.

"இந்த ஆறுல ஒண்ணை எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட வை. உனக்கு அஞ்சு, அவனுக்கு ரெண்டு. ரெண்டு பேருக்கும் முறை சரியாகும். நில்லு, தனியாப் போகாதே. அந்தப் போட்டோக்காரனையும் இழுத்துட்டுப் போடா!"