முழு டவர்

பதினேழாவது மாடி வீட்டில் பால்கனி மூலையில் மட்டும்தான் டவர் கிடைக்கும். செண்பகவல்லியின் கணவன் ஞானவேல் மூன்று வருடமாக அங்கேதான், கவிழ்த்த வாளியில் ஒரு காலை வைத்து, கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டிப் பேசுகிறான். காற்று இரைகிறதாம், கண்ணாடிக் கதவையும் சாத்திக்கொள்வான். அவனுக்குத் தெரியாமல் அவள் போன் கம்பெனிக்கு நாலு தடவை புகார் எழுதி, வீட்டுக்குள்ளும் டவர் கிடைக்க பூஸ்டர் மாட்ட ஆளை வரவழைத்தாள். மாட்டிய அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையிலேயே அவன் போன் அடித்தது. அவன் பால்கனியைப் பார்த்தான்.

“எடுங்க. இனிமே இங்கேயே உக்காந்து பேசலாம்.”

எடுத்தான். “ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கல, டவரே இல்ல,” என்றபடி எழுந்தான்.

போனுக்குள்ளிருந்து, அவள் கேட்டறியாத ஒரு குழந்தையின் குரல் மேசையைத் தாண்டி அவள் வரைக்கும் தெளிவாக வந்தது.

“எனக்கு நல்லாக் கேக்குதே, அப்பா!”