பத்தாம் தேதிக்கே பாதி காலி

“அடுத்தவங்க நெட்டைத் திருடிப் படம் பார்க்கிற ஜென்மங்களுக்கு வெட்கம்னு ஒண்ணு கிடையாது டீச்சர்” என்றான் இன்டர்நெட் கம்பெனிக்காரன். ஜன்னல் வழியாக எதிர்மாடிப் பென்ஷன்காரரைக் கண்ணால் காட்டினான். மனுஷர் பால்கனியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. வீடியோவில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். போன மாதம் இருபதாம் தேதியே டேட்டா தீர்ந்து, பாடம் பாதியில் நின்று, இரண்டு பிள்ளைகள் விலகிப் போனார்கள். இந்த மாதம் பத்தாம் தேதிக்கே பாதி காலி. புகார் சொல்லிப் போனை வைத்த ஐந்தாவது நிமிடம், ரப்பர் செருப்போடு நடந்தே வந்து நின்றான் இவன்.

“நான் போய் அவரை நாலு கேள்வி கேட்டுட்டு வரவா?”

“கேளுங்க. சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியான்னு கேளுங்க. ஆனா அதுக்கெல்லாம் அசையற ஆளுங்க இல்ல அவங்க. பேசாம பெரிய பிளானுக்கு மாறிடுங்க.”

“அது இதைப்போல ரெண்டு மடங்காச்சே, தம்பி. என் சம்பாத்தியத்துல பாதி அதுக்கே போயிடுமே.”

அவன் தையல் விட்ட சோபாவைப் பார்த்தான்; உதட்டைப் பிதுக்கினான். “அப்ப எதுக்கு நெட்டு? ஒரு கரும்பலகையை வாங்கி மாட்டிக்குங்க.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் கொண்டான்.

“பாஸ்வேர்டை மாத்திட்டா?”

“ஐயய்யோ, அதுல கை வைக்காதீங்க! ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும். உங்களுக்கெல்லாம் அது புரியாது.”

கணக்கு டீச்சருக்குப் புரியாதாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

பெரிய பிளானுக்கான படிவத்தைச் சுவரில் வைத்து, அவளைக் கேட்காமலே நிரப்பத் தொடங்கினான். அவள் அந்தப் பக்கம் திரும்பி, தன் போனில் நாலு தட்டுத் தட்டினாள். பழைய பாஸ்வேர்டு ஒழிந்தது.

மேஜைமேல் கிடந்த அவனுடைய போன் அலறியது. ஒரு கையில் படிவம், மறு கையில் பேனா. சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, “என்னடி?” என்றான் சலிப்போடு.

“என்னங்க, நம்ம டிவி நின்னு போச்சு, பின்வீட்டு டீச்சர் பாஸ்வேர்டை மாத்திட்டா போலிருக்கு!”