நாலு மணி நடுக்கம்

மார்ச் 4, புதன்.

இன்று எங்கள் நில நடுக்க ஆய்வு நிலையப் பதிவேட்டில் ஒரு சிறு பிழை செய்தேன். ‘மாலை 4.00: லேசான நில நடுக்கம்’ என்று மூன்றரைக்கே எழுதி வைத்துவிட்டேன். ஒன்பது வருடமாகத் தவறாமல் வந்தது இன்றாவது வரும் என்ற நம்பிக்கைதான். நாலு மணிக்குக் கருவியின் முள் அசையவில்லை. அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திங்களும் செவ்வாயும்கூட வரவில்லை. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேனோ என்று நிலவறைக்கு நாலு தடவை இறங்கிப் பார்த்தேன், கருவியில் குறையில்லை. சனிக்கிழமை ஸ்டோர் கீப்பர் அண்ணன் ஓய்வு பெற்றதிலிருந்து, நிலவறைக்கு நேர் மேலே இருக்கும் ஸ்டோரின் சாவியும் என்னிடம்தான். அதனால் கவனம் சிதறியிருக்கலாம்.

அந்த நடுக்கத்தை வைத்துத்தான் எங்கள் இயக்குநர் தரைக்கடியில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் பெயரையே சூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஏன் ஓய்வெடுக்கிறது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதி விருதும் வாங்கினார்.

நாளை நாலு மணிக்கு அதை நேரில் பார்க்க நிபுணர் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி என்றால் இயக்குநருக்குத் தலைமையகத்தில் பதவி, எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் இருவரும் வீட்டுக்கு.

மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் தயங்கித் தயங்கி அவர் அறைக்குப் போனேன்.

“சார், மூணு நாளா ஒண்ணும் பதிவாகல. என் தப்பான்னு தெரியல.”

“நாளைக்குப் பதிவாகும்.”

“எப்படி சார் சொல்ல முடியும்? பூமிக்குக் கிழமையும் தெரியாது, மணியும் தெரியாதுன்னு மாலை வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்களே.”

“பரீட்சையில அப்படியே எழுதும்மா. இங்க நான் சொல்றத எழுது.”

“குழுவை அடுத்த வாரம் வரச் சொல்லிடலாமா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“உன் எடை எவ்வளவு?”

“நாப்பத்தெட்டு சார்.”

“அண்ணன் தொண்ணூறு இருந்தாரு,” என்று பெருமூச்சு விட்டார். “சரி, ரெண்டு கையிலயும் ஃபைல் கட்டைத் தூக்கிக்கோ.”

நாளைய வேலை: சரியாக நாலு மணிக்கு, ஸ்டோர் மேஜை மேலிருந்து மூன்று முறை குதிப்பது.