ஊரின் முதல் வைத்தியர்

இல்லாத மனிதருக்குக் கல்லறை வைத்தால் எத்தனை வருடம் உள்ளே தள்ளுவார்கள் என்று காவல்காரருக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்ட மறுநொடியே குட்டு உடைந்துவிடும்.

நகராட்சி ஆய்வு அதிகாரி காலை பத்து மணிக்கே கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். கூடவே, குழி வெட்டுகிற ஆள் ஒருவர். இருவருக்கும் பின்னால், பல்லைக் காட்டிக்கொண்டு கட்டடக்காரர்.

இந்த இடத்தில் ஆறு மாடிக் கடை வளாகம் எழுப்பவேண்டும் என்று கட்டடக்காரர் நாயாய் அலைந்துகொண்டிருந்தார். நகராட்சியிலோ, பழைய கல்லறைத் தோட்டங்களைப் பாதுகாக்க இந்த வருடம் நிதி ஒதுக்கியிருந்தார்கள். சுற்றுச்சுவர், விளக்கு, காவல்காரர் சம்பளம் எல்லாம் அதில் வரும். நிதி கிடைத்துவிட்டால் அப்புறம் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் கிளற முடியாது. ஒரே நிபந்தனை, நூறு வருடம் தாண்டிய கல்லறை ஒன்றாவது இருக்க வேண்டும். இங்கே இருந்ததிலேயே மூத்ததற்கு வயது எழுபத்தொன்று.

கேட்டை ஒட்டிய இரண்டு அறை வீட்டில்தான் காவல்காரரின் முப்பது வருடக் குடித்தனம். "செத்தவங்க அக்கம்பக்கத்துல இருந்தா ஒரு சண்டை உண்டா, ஒரு புறணி உண்டா? இதை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அவருக்கும் போக்கிடம் கிடையாது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் பக்கத்துத் தெருக் கல்தச்சர். அவராகவே தேடி வந்தார்.

"நூறு வருஷக் கல்லுதானேண்ணே? நான் செஞ்சு தர்றேன். காசெல்லாம் வேண்டாம்."

"சும்மா எதுக்குத் தம்பி செய்யுற?"

"உங்க வீடு போயிடக் கூடாதுல்ல."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று காவல்காரர் நெகிழ்ந்துபோனார். அதிலும் கல்தச்சர் ஒண்டி ஆள். கூடச் சேர்ந்து பட்டறை நடத்திய மச்சான் இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாடு போனவர்தான், ஒரு போன்கூட இல்லை.

"அவன் இருந்தும் ஒண்ணுதான், போயும் ஒண்ணுதான்ணே. உளியைப் பிடிச்ச நேரத்தைவிட கைவாட்ச்சுல மணி பாத்த நேரந்தான் ஜாஸ்தி" என்பார் கல்தச்சர்.

கல் தயாரானது. 'ஊரின் முதல் வைத்தியர்' என்று கொத்தி, நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டார். பெயர் இருக்கவேண்டிய மூலையைச் சுத்தியலால் தட்டி உடைத்தார். தயிரைப் பூசிச் சாக்கடை ஓரத்தில் ஒரு மாதம் போட்டுவைத்ததில் பாசி படர்ந்து, பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடும்படி ஆகிவிட்டது. பின்சுவர் ஓரமாக இடம் பார்த்து நட்டதும் அவர்தான்.

இதெல்லாம் வெளியே தெரிய வழியில்லை. தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓர் எறும்புகூட இந்தக் கேட்டைத் தாண்டாது என்பது காவல்காரரின் பெருமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கட்டையாகக் கிடப்பார், அது வேறு விஷயம்.

அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துக் கல்லைப் பார்த்தார். சுரண்டினார். முகர்ந்தும் பார்த்தார்.

"ரொம்பப் பழைய கல்லுதான்" என்றார்.

காவல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற கல்தச்சரும் மூச்சு விட்டார்.

"கல்லு பழசுதான் சார், கீழ ஆள் இருக்கணுமே" என்று இழுத்தார் கட்டடக்காரர்.

"அதுவும் சரிதான். நிதி கல்லுக்கு இல்ல, கல்லறைக்குத்தான். தோண்டிப் பாத்துடுவோம்."

காவல்காரர் கல்லுக்குக் குறுக்கே வந்து நின்றார். "ஐயா, பாவம், வைத்தியர் தூங்குறாரு. எழுப்ப வேணாமே."

"நூத்திருபது வருஷம் தூங்குனது போதும் பெரியவரே."

காவல்காரர் உதவிக்குத் திரும்பிப் பார்த்தார். கல்தச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன்" என்று ஓடினார். கேட் விரியத் திறந்திருக்க, பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று காவல்காரர் மனசுக்குள் திட்டினார். மாட்டப்போவது தான் ஒருவன்தானா என்று அழுகையாகவும் வந்தது.

மண் லேசாகத்தான் இருந்தது. முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் என்று குழி இறங்க இறங்க, காவல்காரர் வீட்டுச் சாமான்களை மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விலங்கு மாட்டினால் எப்படி இருக்கும் என்று இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துக்கூடப் பார்த்துவிட்டார்.

'டொக்' என்றது மண்வெட்டி.

"ஐயா, எலும்பு" என்றார் குழிவெட்டி.

காவல்காரர் தன் காதையே நம்பவில்லை. எட்டிப் பார்த்தார். எலும்புதான். தலையும் காலும் முழுசாக, ஓர் ஆள். இட்டுக்கட்டிச் சொன்ன வைத்தியர் நிஜமாகவே வந்து படுத்திருந்தார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மரியாதை செலுத்தினார். அதே கையோடு கோப்பைத் திறந்து, நிதி வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டடக்காரர் இஞ்சி தின்ற குரங்காக விழித்துவிட்டு வெளியே நடந்தார்.

வீடு தப்பியது. காவல்காரருக்குக் கண்ணீர் பொங்கியது. மண்ணில் புதைந்திருந்த வைத்தியரின் கையைப் பிடித்து ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று குழிக்குள் இறங்கினார். கையில் அப்பியிருந்த மண்ணைத் தோள் துண்டால் பயபக்தியோடு துடைத்தார்.

நூற்றிருபது வருடத்துக்கு முன் காலமான வைத்தியரின் மணிக்கட்டில், பேட்டரிக் கடிகாரம் ஒன்று பதினொன்று பத்து என்று சரியாகக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது.