பொயிலர் வாசலில் ஒரு சோடிச் செருப்பு

“உள்ளுக்கு ஆள் இருக்கு, சேர். நான் மூடமாட்டன்” என்றான் நெருப்புக்காரன் வலன்ரைன்.

பொயிலரின் வட்ட வாசலுக்கு முன்னால் ஒரு சோடித் தோல் செருப்பு கிடந்தது. இடது வார் அறுந்து செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. கப்டன் ஹெக்டர் டோர்ச் அடித்து உள்ளே இரண்டு தரம் பார்த்துவிட்டார். ஒருவருமில்லை.

கொழும்புத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்துவரும் நீராவி டக் படகு அது. சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடமாகியும் அதற்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. மாதம் ஒரு நாள் நெருப்பை அணைத்து, ஓர் ஆள் பொயிலருக்குள் இறங்கி உப்புப் படையைச் சுரண்டுவான். இறங்குமுன் செருப்பை வாசலில் கழற்றி வைப்பான். செருப்பு கிடந்தால் மூடியில் யாரும் கைவைக்கக் கூடாது.

போன வருடம் இதே நாள் இறங்கியவன் சின்னராசா. வாசலில் செருப்பைக் காணாத வலன்ரைன் மூடியை இறுக்கி, தண்ணீர் விட்டு, நெருப்பு மூட்டினான். பாரந்தூக்கிகளின் இரைச்சலில் உள்ளே தட்டியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

வெறுங்காலோடு வேலைக்கு வந்திருக்கிறான், பிழை அவனுடையது என்று விசாரணையை முடித்தார்கள். முகத்துவாரத்தில் குடியிருந்த அவன் பெண்சாதி வெள்ளையம்மா மட்டும், “செருப்புப் போட்டுக்கொண்டுதான் போனவர்” என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பொயிலர் கழுவும் நாளெல்லாம் அந்தச் செருப்பு வாசலில் வந்து கிடக்கும். மூடுகிற நேரம் காணாமல் போய்விடும். இன்று அவன் செத்து ஆண்டு முடிகிற நாள். செருப்பு போகவில்லை.

“கப்பல் வெளியில நிக்குது. உனக்கென்ன பிஸ்ஸா, பைத்தியமா? அரை மணித்தியாலத்தில நெருப்பு மூட்டு. இல்லாட்டி வேலையை விட்டுட்டுப் போ” என்றார் ஹெக்டர்.

வலன்ரைன் முழந்தாளிட்டு இருட்டுக்குள் தலையை நீட்டினான். “சின்னராசா, வெளியில வாடாப்பா. எட்டிப் பாக்காம மூடினது என்ர பிழைதான். நான்தான் உன்னைக் கொன்றனான்.” குரல் பொயிலருக்குள் சுற்றி அவனிடமே திரும்பி வந்தது.

எஞ்சின் டிரைவர் சிவானந்தன் வெயிலில் கொதித்த இரும்பு மேல்தட்டில் வெறுங்காலோடு நடந்து, ஏணியில் இறங்கி வந்தார். ஒரு வருடமாக அவர் செருப்புப் போடுவதில்லை. கதிர்காமத்து நேர்த்திக்கடன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவர் குனிந்து செருப்பைக் கையில் எடுத்தார்.

“அண்ணை, தொடாதேங்கோ. அது அவன் வைச்சது” என்று வலன்ரைன் பதறினான்.

“அவன் வைக்கேல்லை. ஒவ்வொரு மாசமும் நான்தான் வைக்கிறனான்.”

“இது உங்களிட்ட எப்படி வந்தது?”

சிவானந்தன் செப்புக் கம்பியை விரலால் தடவினார்.

“அண்டைக்கு வாசலில கிடந்த இதைப் போட்டுக்கொண்டுதான் நான் தேத்தண்ணி குடிக்கப் போனனான்.”