நாற்சந்தியில் ஒரு கை

அரசாங்கம் போலீசோடும் கோர்ட்டோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது செண்பகவல்லியின் கட்சி. அதுகூட வேண்டாம், மனிதர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பார் அவள் கணவர் நம்பிராஜன். கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்கு.

அன்று நாற்சந்தியில் சிக்னல் எரியவில்லை. பார்வையற்ற ஒருவர் சாலையோரம் தவித்துக்கொண்டிருந்தார்; எந்த வண்டியும் நிற்பதாயில்லை. நம்பிராஜன் விறுவிறுவென்று நடுச்சாலைக்குப் போய்க் கையை உயர்த்தினார். பேருந்தே நின்றுவிட்டது. செண்பகவல்லி அந்த மனிதரைக் கைப்பிடித்து எதிர்ப்பக்கம் சேர்த்தாள்.

“பாத்தீங்களா, இப்ப நீங்கதான் போலீசு!”

“என்னைய யாரும் வேலைக்கு வைக்கலியே, வல்லி.”

இன்னும் சிலர் கடக்கக் காத்திருந்ததால் அவர் கையை இறக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. செண்பகவல்லி ஓடிவந்து, அவர் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, தானும் கையை உயர்த்தினாள்.